வெறும் தூளியின் எடை

அமுதவல்லி கணக்கில் பட்டம் வாங்கியவள். வாங்கி என்ன? பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்து ஊரில் பால்வாடி டீச்சர் வேலைதான் அமைந்தது. அதற்காக அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவில்லை. கல்லூரியில் படித்த வெக்டார், அளவோடு திசையும் உள்ள அந்தச் சங்கதி, மாதாமாதம் பிள்ளைகளை எடை போடும் தராசுக் கொக்கியில் வந்து தொங்கியது. தூளி கீழே இழுக்கும், கொக்கி மேலே இழுக்கும், இரண்டும் கூடிப் பூஜ்ஜியமானால்தான் ஆட்டம் நின்று எண் நிலைக்கும். திசையே இல்லாத ஒரே வெக்டார் அந்தப் பூஜ்ஜியம்தான் என்பது அவளுக்கு இன்றைக்கும் பிடித்த சங்கதி.

ஊருக்கு ஒரு பயம் உண்டு. வெறும் தூளி ஆடினால் பிள்ளைக்கு ஆகாது. வீட்டிலிருந்து கொண்டுவரும் துணியைக் காலியாகத் தொங்கவிட ஒருத்தியும் சம்மதிக்க மாட்டாள். அமுதவல்லியும் எதற்கு வம்பு என்று வெறும் கொக்கியிலேயே தராசுப் பொத்தானை அழுத்திப் பூஜ்ஜியம் வைத்துவிட்டு, பிள்ளையோடு சேர்த்துத் துணியை மாட்டிவிடுவாள். துணி என்ன பெரிய எடை!

தை மாதக் குளிரில் சுசித்ரா தன் கைக்குழந்தையைக் கெட்டிப் போர்வையில் கொண்டுவந்தாள். அதையே தூளியாக மாட்டினார்கள். பிள்ளை தேறுகிறதா இல்லையா என்ற கவலையில் அவளுக்குச் சோறு இறங்கி நாளாயிற்று. போன மாதம் ஐந்து கிலோ அறுநூறு. இப்போது ஐந்து தொள்ளாயிரம்.

"ஏறிருச்சுங்களாக்கா?" அவள் முகம் மலர்ந்தது.

அமுதவல்லிக்குச் சந்தோஷம் வரவில்லை. பிள்ளையின் தொடைத் தோல் தொளதொளவென்று கிடந்தது.

"பிள்ளைய மட்டும் தூக்கு சுசி. துணி அப்படியே இருக்கட்டும்."

"ஐயய்யோ, வெறும் தூளிங்கக்கா!"

"ஆட்ட மாட்டேன். தூக்கு."

பிள்ளையைத் தூக்கிய பிறகும் தராசில் தொள்ளாயிரம் கிராம் நின்றது. பூஜ்ஜியத்தைக் கூட்டினால் எதுவும் மாறாது என்று படித்தவள் அந்த எண்ணை மறுபடி பார்த்தாள். இத்தனை நாள் அவள் வைத்தது பூஜ்ஜியமே இல்லை.

"தப்பு என்னுதுதான். போன மாசம் மெல்லிசுச் சேலை, இன்னிக்குப் போர்வை. ஏறுனது துணிதான். துணியத் தொங்கவுட்டுப் பூஜ்ஜியம் வெச்சு மறுபடி பாக்கணும்."

 சுசித்ரா பிள்ளையை அமுதவல்லியிடம் கொடுத்துவிட்டு, பொத்தானைத் தானே அழுத்தினாள். எண் பூஜ்ஜியத்துக்கு வந்தது. பிள்ளையைக் கிடத்தினார்கள்.

ஐந்து கிலோ. போன மாதத்துச் சேலை கால் கிலோகூட இருக்காது. பிள்ளை ஏறவில்லை, இறங்கியிருந்தது.

சுசித்ரா பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். "தருமபுரி ஆஸ்பத்திரிக்கு இப்பவே போலாம், நீங்களும் வாங்கக்கா" என்றவள், வாசலில் நின்று சொன்னாள்:

"பாக்காம வுட்டிருந்தா இன்னும் ஒரு மாசம் சந்தோஷமா இருந்திருப்பேனுங்க."