எண்ணெய் காணாத பக்கோடா

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலே கால். கவரைப்பேட்டை ரயில் நிலையத்தை ஒட்டிய ரொட்டிக் கடையின் பின்புறம் நானும் அம்மாவும் போய் நின்றபோது முதலில் கண்ணில் பட்டது, செங்கல் அடுப்பின் திறந்த வாய். அன்றைய பன்களை எடுத்து முடித்திருந்தார்கள். தணல் ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தது. அம்மாவின் கையில் நறுக்கிய வெங்காயமும் கடலை மாவும் போட்ட தூக்கு. என் கையில் வாழை இலை.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு ஒன்பது வயது. எளாவூர் செக்போஸ்டில் வேலை பார்த்த அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து போயிருந்தது. எண்ணெயில் பொரித்த எதையும் தொடக் கூடாது என்றார் டாக்டர். அப்பா வீட்டில் தொடவில்லை. பஸ் நிறுத்தத்துக் கடையில் பக்கோடா தின்றுவிட்டு வந்தார். அவர் விரல்களை மோந்து பார்த்தே அம்மா கண்டுபிடித்தார். சண்டை போடவில்லை. பன் வேகிற சூட்டில் பக்கோடா வேகாதா என்று யோசித்தார். அதற்காகத்தான் அங்கே போயிருந்தோம்.

கடைக்காரர் தூக்குக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? தகட்டுல வெங்காய வாசன ஏறிச்சின்னா நாளைக்கி பன்னு வாங்கறவன் என்னை உதைப்பான்."

"எலை போட்டுக்கறேண்ணா. உங்க தகடு ஒண்ணும் நோவாது."

சிரித்துக்கொண்டே ஒரு தகட்டை நீட்டினார்.

உப்புப் பட்டால் வெங்காயம் நீர் விட்டு, வழியிலேயே மாவு தளர்ந்துவிடும். அங்கே போய்க் கலந்துகொள்ளலாம் என்று கல் உப்பைத் தாளில் மடித்து அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். தண்ணீர் தெளித்துப் பிசைந்தார். ஒரே ஒரு கரண்டி எண்ணெய் விட்டார். இலையில் கிள்ளிப் போட்டார். கடைக்காரர் நீளமான மரத் துடுப்பால் தகட்டை உள்ளே தள்ளினார். வெளியே வந்தபோது ஓரங்கள் சிவந்து மொறுமொறுவென்று இருந்தன. ஒன்று கேட்டேன். அப்பாவுக்கு அப்புறம்தான் என்றார் அம்மா.

திரும்பும் வழியில் நெற்றியைத் துடைக்க முந்தானையை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். உப்பு முடிச்சை அவிழ்க்கவே இல்லை. தூக்கைத் திறந்து உப்பை மேலே தூவினார். கற்கள் உருண்டு அடியில் போய் விழுந்தன.

"வாயத் தொறக்காத" என்றார் என்னிடம்.

வீட்டில் அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். எங்கே கிளம்புகிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

"செத்த குந்துங்க. இத்தத் துன்னுட்டுப் போங்க."

"எண்ணெ இல்லாம பக்கோடாவா? இதுக்குன்னு பன்னு கடைக்கா போயிக்கினு வர்ற?"

ஒன்றைக் கடித்தார். மென்றார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். தம்பி கை நீட்டியதும் தட்டைத் தூக்கிக்கொண்டார்.

"டாக்டரு எனக்குத்தான சொன்னாரு, உனக்கா சொன்னாரு? போடா."

கடைசித் துணுக்கு வரை தின்றார். எங்களுக்கு ஒன்றுகூடத் தரவில்லை.

அம்மா கதவோரம் நின்று கேட்டார். "உப்பு?"

"கரெக்டா கீது."

அம்மா சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்தார். நெஞ்சு வலி வந்தால் நாக்கும் கெட்டுப்போகும் என்று நான் முடிவு செய்தேன். மறுநாள் பள்ளியில் தோழிகள் எல்லோருக்கும் அதைச் சொல்லியும் வைத்தேன்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கிய அப்பா, கடையில் நிற்காமல் நேராக வீட்டுக்கு வந்தார்.