கிராஸிங்கில் மாறி ஏறிய வண்டி

ஒரு ரயிலின் ஜன்னலிலிருந்து நீளும் ஒரு கை, பக்கத்து ரயிலின் ஜன்னலில் அதை வாங்கக் காத்திருக்கும் இன்னொரு கை, நடுவே மடித்த செய்தித்தாள். ஐம்பதுகளின் கடைசியில் தினமும் காலையில் நான் பார்த்த காட்சி இது. லால்குடிக்கும் திருச்சிக்கும் நடுவே அப்போது ஒற்றைப் பாதைதான். கொள்ளிடம் பாலத்துக்கு முன்னால் உள்ள சின்ன ஸ்டேஷனில் எங்கள் வண்டி ஒதுங்கி நிற்கும். திருச்சியிலிருந்து வரும் வண்டி பாலத்தைத் தாண்டி எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் எங்களுக்குக் கைகாட்டி இறங்கும். இதைத்தான் கிராஸிங் என்போம். இன்று அந்த வழியில் எதிர் வண்டி வருவது தெரியும் முன்பே போய்விடுகிறது. ஒருவர் முகமும் கண்ணில் நிற்பதில்லை. அன்று அப்படியில்லை. எதிர் வண்டிக்காரர்கள் படித்து முடித்த பேப்பர் எங்கள் கைக்கு வரும். எங்கள் பக்கத்திலிருந்து கொய்யாப்பழம், முறுக்கு, தோட்டத்துக் கத்தரிக்காய் போகும். யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் வளைகாப்பு எல்லாம் இரண்டு வண்டிக்கும் தெரியும்.

எனக்கு மட்டும் கிராஸிங் என்றாலே கவலைதான். எதிர் வண்டி நாங்கள் நிற்கும் தண்டவாளத்திலேயே வந்துவிட்டால்? வராமலே போய், கடைக்கு நேரமாகிவிட்டால்? எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, பெரிய கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் துணி விரித்துக் காட்டப் போனவன் நான். இந்த வேலையும் போனால் யார் நம்மைச் சேர்ப்பார்கள் என்கிற பயம் சட்டையோடு சேர்த்து மாட்டிக்கொண்டது போல எப்போதும் என் மேல் இருக்கும். என் அண்ணன் மனைவி, வாழை இலைக் கட்டோடு அதே வண்டியில் திருச்சி மார்க்கெட்டுக்கு வருவார். நான் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடப்பதைப் பார்த்துவிட்டு, "எஞ்சின் ஓட்டுறவரே நிம்மதியா பீடி குடிக்கிறாரு. அவரு கவலையையும் சேத்து நீங்க ஏன் தம்பி படுறீங்க?" என்பார். பெட்டியே சிரிக்கும். அண்ணி இருக்கும் பெட்டியில் யாரும் வாயை மூடிக்கொண்டு வந்ததாக எனக்கு நினைவில்லை.

எங்களுக்குப் பேப்பர் கொடுக்கும் கை ஓர் ஆசிரியையுடையது. ஸ்ரீரங்கத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவரின் மகள். எங்களுக்குத் தூரத்து உறவு. லால்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தார். அவர் பேப்பர் நீட்டுவார், நான் வாங்கிக்கொள்வேன், அண்ணி கொடுக்கும் பொட்டலத்தை நான் நீட்டுவேன். ஒரு வருஷத்துக்கு மேல் எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். அந்தப் பேப்பரை விளம்பரம்கூட விடாமல் படிப்பேன். அவர் கண் பட்ட வரி ஒன்று என் கண்ணில் படாமல் போய்விடக் கூடாதே!

ஒரு நாள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டே அவர் அண்ணியிடம், "நாளைக்குச் சாயங்காலம் என்னைப் பொண்ணு பார்க்க வர்றாங்க அக்கா" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எங்கள் வண்டி நகர்ந்தது. கையில் பேப்பர் தலைகீழாக இருந்ததைக் கவனிக்காமல் டவுன் ஸ்டேஷன் வரை வந்தேன்.

"நாளைக்குக் கிராஸிங்ல நீங்களே கேட்டுடுங்க தம்பி" என்றார் அண்ணி.

"அத்தனை பேர் எதிர்லயா அண்ணி? அவங்க டீச்சர். நான் எட்டாங்கிளாஸ்."

"பாஸா ஃபெயிலான்னா கேக்கப் போறாங்க? கேளுங்க. நான் வாயத் திறக்க மாட்டேன்."

மறுநாள் கேட்பதற்கு நான் எத்தனையோ விதமாக வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தேன். நான் கவலைப்படாமல் விட்ட ஒரே விஷயம் நடந்தது. ஸ்டேஷனில் எங்கள் வண்டிக்குப் பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு கூட்ஸ் வண்டி நின்றுகொண்டிருந்தது. எதிர் வண்டி வந்து அதற்கு அந்தப் பக்கம் நின்றது. ஜன்னலில் இருந்து பார்த்தால் கரி படிந்த இரும்புச் சுவர். அந்தப் பக்கம் யாரோ சிரிப்பது மட்டும் கேட்டது.

"அண்ணி, இன்னிக்கு முடியாது போலிருக்கு" என்றேன்.

"முடியாதா? சாயங்காலம் தட்டை மாத்திட்டுப் போயிடுவாங்க. இறங்குங்க!" கதவைத் திறந்துவிட்டது அண்ணிதான். என் சாப்பாட்டுத் தூக்கை அவர் பிடுங்கிக்கொண்டார். "கூட்ஸுக்குப் பின்னாடி சுத்திப் போங்க. அடியில பூந்துடாதீங்க!"

ஓடினேன். கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் டீ குடித்துக்கொண்டிருந்த கார்டு, "யோவ், வண்டி உனக்கு அந்தப் பக்கம்ல?" என்று கத்தினார். சுற்றி வந்து ஒவ்வொரு ஜன்னலாகத் தேடிக்கொண்டிருந்தபோது எங்கள் வண்டி ஊதியது. அது பாலத்தின் மேல் ஏறும் சத்தத்தை நின்று கேட்டேன். கடை, முதலாளி, வேலை எல்லாம் அதோடு போய்க்கொண்டிருந்தன. அடுத்த வண்டி மத்தியானம்தான். இந்த வண்டியும் ஊத, கண்ணெதிரே இருந்த கதவில் ஏறிவிட்டேன். உள்ளே அவர்தான், கையில் மடித்த பேப்பரோடு.

"என்ன இது, ஊருக்கே திரும்பிப் போறீங்களா?" என்றார்.

கோத்து வைத்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. "நான் எட்டாங்கிளாஸ்தான் படிச்சிருக்கேன்" என்றேன். கீரைக் கூடைக்காரம்மா கூடையை நகர்த்தி எனக்கு உட்கார இடம் விட்டார்.

"தெரியும். உங்க அண்ணி என்னிக்கோ சொல்லிட்டாங்க. நீங்க ஏன் இத்தனை நாள் சொல்லலைன்னுதான் எனக்குத் தெரியல" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்குச் சம்மதம். ஆனா அவங்க வர்றதுக்குள்ள உங்க வீட்டுலேருந்து யாராவது எங்கப்பாகிட்ட பேசணும்" என்றார். லால்குடி வந்ததும் பேப்பரை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

வயலில் நின்ற அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் வாய்க்காலிலேயே கால் கழுவிக்கொண்டு பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனார். நான் வீட்டில் உட்கார்ந்து, பஸ் பஞ்சராகியிருக்குமோ, மாப்பிள்ளை வீட்டார் முன்னதாகவே வந்திருப்பார்களோ என்று நினைத்து நினைத்து ஓய்ந்துபோனேன்.

அங்கே நடந்ததை அண்ணன் அன்று மாலை வாயெல்லாம் பல்லாக வந்து சொன்னார். மளிகைக்கடைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். திறந்தது அண்ணி! "வாங்க, உள்ள வாங்க" என்று சொந்த வீடு போல அழைத்திருக்கிறார். டவுனுக்குப் போகாமல் ஸ்ரீரங்கத்திலேயே இறங்கி, இலைக் கட்டோடு நேராக அங்கே போய்விட்டாராம். மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய இலையை நறுக்கிப் போட்டு, அந்த வீட்டுக்காரர்களோடு சாப்பாட்டுக்கு உட்காரத் தயாராக இருந்தாராம். பெண்ணுக்குச் சம்மதம் என்று அண்ணன் சொன்னதும், மளிகைக்கடைக்காரர் மாலையில் வரவிருந்தவர்களுக்கு வேண்டாமென்று ஆள் அனுப்பிவிட்டு, இன்னொரு இலையும் போடச் சொன்னாராம்.

"அவன் என்ன கேட்டான், அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சு, ஒண்ணும் தெரியாம எந்தத் தைரியத்துல நீ பாட்டுக்கு சம்பந்தம் பேச வந்துட்டே?" என்று அண்ணன் கேட்டாராம்.

சாப்பாட்டுக்கு அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த அண்ணி திரும்பாமலே சொன்னாராம்: "கடைக்குக் கொஞ்சம் நேரமானாலே உயிர் போற மாதிரி பதறுற ஆளு, வேலையை விட்டுட்டு எதிர் வண்டிக்கு ஓடிட்டாரு. அதுக்கு மேல அவரு வாயத் திறந்து வேற கேக்கணுமா?"