அமீருதீன் மாமுவின் புதுச் சாவி

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிற எவனும், வரிசையில் நிற்கும்போது சாவியைக் கையோடு எடுத்துப் போக மாட்டான். ஹார்பர் கேட் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. நாம் குளிக்கப் போன நேரத்தில் வரிசை நகர்ந்தால், பின்னால் நிற்கிறவன் ஏறி நம் வண்டியையும் நகர்த்திவிடுவான். நகராத வண்டியைப் போலீஸ்காரர் வெளியே இழுத்து வரிசையின் வாலுக்கு அனுப்பிவிடுவார். சரக்கு கப்பலைத் தவறவிடும். அடுத்த லோடு கிடைப்பது சந்தேகம்தான்.

எனக்கு முன்னால் பெரும்பாலும் அமீருதீன் மாமுவின் வண்டி நிற்கும். தண்டையார்பேட்டைக்காரர். வண்டி சொந்தம், ஆனால் அரதப் பழசு. இக்னிஷன் சுவிட்ச் தேய்ந்துபோய், சாவி தொலைந்த பிறகு டீக்கடை ஸ்பூனைச் செருகித்தான் ஸ்டார்ட் செய்வார். ஸ்பூன் ஒரு கயிற்றில் ஸ்டியரிங் பக்கம் தொங்கும். நானும் அதே ஸ்பூனால் எத்தனையோ முறை நகர்த்தியிருக்கிறேன்.

போன மாதம் ஸ்பூனும் அடம் பிடிக்க ஆரம்பித்தது. மாமுவுக்குக் கவலை வந்துவிட்டது. மகள் தஸ்னீமுக்குப் பிரசவ நேரம். மருமகன் துபாயில். பிறக்கிற குழந்தையின் காதில் தொழுகை அழைப்பான பாங்கைச் சொல்ல வேண்டியவர் மாமுதான்.

"ஆஸ்பத்திரிலர்ந்து போன் வர்றப்போ இந்தச் சனியன் எங்கனா மக்கர் பண்ணா இன்னாடா பண்றது, டில்லி?" என்று என்னிடம் புலம்பினார்.

திருவொற்றியூரில் வண்டியை ஓரங்கட்டி, அவரே புது சுவிட்ச் மாட்டினார். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினார். பழைய சுவிட்சின் ஒயர்களைப் பிரிக்கும் முன் ஒவ்வொன்றிலும் ஒரு நிற நூல் கட்டினார். குழந்தைக்குச் சட்டை தைக்க தஸ்னீம் வாங்கிய நூல்.

"இன்னா மாமு, ஒயருக்கு வளைகாப்பா?" என்றேன்.

"சிரி நைனா. சேப்பு பேட்டரி, பச்ச இக்னிஷனு, மஞ்ச செல்ஃப் ஸ்டார்ட்டரு. மாத்திக் குடுத்தா பொகஞ்சிடும்."

ஒரே திருப்பு, இன்ஜின் பிடித்துக்கொண்டது. மனுஷனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஸ்பூனை டீக்கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். கயிறு மட்டும் தொங்கியது.

அந்த வாரமே, வரிசையில் நிற்கும்போது போன் வந்தது. "நீ கெளம்பு மாமு, வண்டிய நான் பாத்துக்கறேன்" என்று ஆட்டோவில் ஏற்றிவிட்டதே நான்தான். சாவி ஞாபகம் எனக்கும் வரவில்லை. எங்கள் பிழைப்பில் சாவியை யார் நினைப்பார்கள்?

கொஞ்ச நேரத்தில் வரிசை நகர்ந்தது. ஏறிப் பார்த்தேன். ஸ்பூனும் இல்லை, சாவியும் இல்லை. புது மோகத்தில் மனுஷன் சாவியைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. தூரத்தில் போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டு வந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்றுதான் போன் போட்டேன்.

எடுத்தது அவர் மனைவி ஹஃப்சா அக்கா. "பேத்தி பொறந்திருக்கா தம்பி. காதுல பாங்கு சொல்லிக்கினு கீறாரு. லைன்ல இரு."

இன்னொரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். கன்டெய்னர் அதிரக் கத்துகிற மாமு, குழந்தைக்கு வலிக்குமோ என்பதுபோல் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். குரல் நடுங்கியது. முடிகிறவரை போனை வைக்க மனம் வரவில்லை. முடித்ததும் மாமு போனை வாங்கினார்.

"இன்னா டில்லி, ஒரே ஹாரனா கீது? லைன் நவுருதா? இதோ வந்துர்றேன்."

"ஒண்ணுமில்ல மாமு. நீ பேத்தியோட இரு."

போனை வைத்துவிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் கைவிட்டுப் புது சுவிட்சைப் பிடுங்கினேன். சிவப்பு நூலையும் பச்சை நூலையும் பார்த்து அந்த இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கினேன். மஞ்சள் நூல் ஒயரை அதில் தொடவைத்ததும் இன்ஜின் உறுமியது. போலீஸ்காரர் வருவதற்குள் வண்டியை நகர்த்திவிட்டேன்.

மதியம் மாமு சர்க்கரைப் பொட்டலத்தோடு வந்தார். என் வாயில் ஒரு பிடி போட்டுவிட்டு வண்டியில் ஏறியவர், தொங்கிய சுவிட்சைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லன்னியேடா."

திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் கைக்குட்டையைப் பிரித்துச் சாவியை எடுத்து, ஸ்பூன் தொங்கிய கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கட்டினார்.

"புதுசு மாட்றேன்னு உன்னையே வண்டிய வுட்டு எறக்கிட்டேனே, நைனா," என்றார்.