பழுப்புத்தாள் ஒட்டிய பக்கங்கள்

நூலகத்தில் அவருக்குப் பெயர் பசைக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. கிழிந்த புத்தகத்தை ஒட்டுவது, அட்டை போடுவது, முதுகில் எண் எழுதுவது, இவ்வளவுதான் வேலை. மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டு அவர் கிண்டுகிற பசை, ஒட்டினால் ஒட்டினதுதான். இத்தோடு நின்றிருந்தால் இவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இருந்திருக்காது. மனுஷன் நிற்கவில்லையே!

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு வாசகர், ஓவியப் புத்தகம் ஒன்றை விரித்துப் பிடித்தபடி படிக்கும் கூடத்தின் நடுவில் நின்று கத்தினார். குளித்துவிட்டுக் கரையேறும் ஒரு பெண்ணின் படம். "நாலு குடும்பம் வந்து போற இடமா இது, இல்ல வேற ஏதாவதா?" அப்போதிருந்த நூலகர் பயந்த சுபாவம். "ஏதாவது பண்ணித் தொலைங்க" என்று புத்தகத்தை இவர் பக்கம் தள்ளிவிட்டார். இவர் பழுப்புத்தாளை வெட்டி, கழுத்திலிருந்து முழங்கால்வரை ஒட்டிக் கொடுத்தார். கத்தியவர் இவர் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். அன்றைக்குப் பிடித்தது அந்தப் பைத்தியம்.

அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை, இவராகவே செய்தார். புதுப் புத்தகம் எதுவானாலும் முதலில் இவர் மேஜைக்குத்தான். சிலைகளுக்குப் பாவாடை, நீச்சல்காரிகளுக்குச் சட்டை, பால் கொடுக்கும் தாய்க்கு ஒரு சதுரத் தாள். தவழ்கிற குழந்தைக்குக்கூட, சத்தியமாக, ஒரு சின்னத் துண்டு ஒட்டியிருக்கிறார்! கல்லூரி மாணவர்கள் புத்தகத்தைப் பக்கவாட்டில் பார்த்து, எங்கே தடிப்பாக இருக்கிறதோ அங்கேயே நேராகத் திறந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார்கள். "பசைக்காரர் கை வெச்சாதான் புத்தகத்துக்கே மவுசு" என்று கேலி பேசுவார்கள். அது இவர் காதில் விழாமலில்லை. விழுந்தாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடப்பார். ஊர் கெட்டுக் குட்டிச்சுவராகாமல் தான் ஒருத்தர்தான் தாங்கிப் பிடிப்பதாக அவருக்கு நினைப்பு.

வீட்டிலும் இதே கூத்துதான். கல்யாணமாகி முப்பது வருஷம். வெளியூரில் வேலை பார்க்கும் ஒரே மகன் பிறந்ததே இருட்டின் புண்ணியம்.

மனைவிக்குப் படிக்கப் பிடிக்கும். வாரம் இரண்டு புத்தகமாவது கொண்டுவந்து கொடுப்பார். இரண்டு வருஷத்துக்கு முன்பு, பெண்களின் உடம்பைப் பற்றி ஒரு டாக்டர் எழுதிய புத்தகம் நூலகத்துக்கு வந்தது. மார்பில் கட்டி இருக்கிறதா என்று கண்ணாடி முன் நின்று தானே தடவிப் பார்க்கிற முறையை அதில் ஆறு கோட்டுப்படங்களாகப் போட்டிருந்தார்கள். "கண்றாவி! படிச்ச டாக்டருக்கே விவஸ்தை இல்லையே" என்று முணுமுணுத்துக்கொண்டு ஆறையும் மூடினார். மூடின கையோடு அந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், "பொம்பளைங்களுக்கு உபயோகமானது, படி" என்று அவரே அவள் கையில் கொடுத்தார்.

போன வருஷக் கடைசியில் அவளுக்கு இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டது. மூன்று மாதம் வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டில் அந்தப் பேச்சை யாரிடம் எடுப்பாள்? கையைத் தூக்க முடியாமல் போனபிறகுதான் சொன்னாள். பரிசோதித்த டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "இது ஆரம்பிச்சு ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும்மா. சின்னதா இருக்கிறப்பவே வந்திருந்தா கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம். இப்ப முழுசா எடுக்கணும்."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எதிர்ச்சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு படம். ஒரு பெண் கண்ணாடி முன் நிற்கிறாள், ஒரு கை தலைக்குப் பின்னால், மறு கையின் விரல்கள் மார்பில். ஆணும் பெண்ணுமாக எத்தனையோ பேர் அதைத் தாண்டிப் போனார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அந்தப் புத்தகத்துல நீங்க மூடியிருந்தது இந்தப் படமா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"கீழே காட்டியபடி செய்யுங்கள்னு போட்டிருந்துச்சு. கீழ உங்க தாள்தான் இருந்துச்சு. நகத்தால ஒரு மூலையைக் கிளப்பிக்கூடப் பாத்தேன். அப்புறம், பாக்கக் கூடாததுன்னுதானே மூடி வெச்சிருக்கீங்கன்னு விட்டுட்டேன்."

குற்றம் சொல்கிற குரலே இல்லை அது. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. சுவரில் இருந்த பெண்ணையும் பார்க்க முடியவில்லை, பக்கத்தில் இருந்தவளையும் பார்க்க முடியவில்லை. பாவி மனுஷன், தன் செருப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் நூலகத்துக்குப் போனதும் முதல் வேலையாக அந்தப் புத்தகத்தைத் தேடியெடுத்தார். ஈரத்துணி வைத்து ஊறவிட்டுத் தாளை உரித்தார். கூடவே படமும் உரிந்துகொண்டு வந்தது. இப்போதைய நூலகர் மகள் வயதுப் பெண். அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தார்.

"யார் சொல்லி இதை ஒட்டினீங்க?"

"யாரும் சொல்லல மேடம். நானாத்தான்."

"இதை எத்தனை பேர் எடுத்துட்டுப் போயிருக்காங்க?"

பின்னட்டையில் இருந்த தேதிச் சீட்டின் முத்திரைகளை விரல் வைத்து எண்ணினார். "முப்பத்தொன்னு மேடம்" என்றார். நூலகர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இவருக்கு இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள்: "கட்டு நனைஞ்சா அன்னிக்கே பிரிச்சு மாத்திடணும். விட்டீங்கன்னா சீழ் பிடிச்சிடும், மறுபடியும் கத்திதான்." எப்படி மாற்றுவதென்று செய்து காட்ட இவரையும் கூப்பிட்டாள். இவர் திரைக்கு வெளியிலேயே நின்றுகொண்டு "சொல்லுங்க சிஸ்டர், கேக்குது" என்றார். மனைவியின் தங்கைதான் உள்ளே போய்க் கற்றுக்கொண்டாள். ஒரு வாரம் அவளே கூட இருந்து செய்தாள். அப்புறம் அவளுக்கும் வீடு, வேலை என்று இருக்கிறதே, மூன்று நாளில் வந்துவிடுகிறேன் என்று கிளம்பிப் போனாள்.

போன மறுநாள் மத்தியானமே மனைவியின் சட்டையில் ஈரம் தெரிந்தது.

"தங்கச்சி வரட்டும்" என்றாள்.

"அவ வர்ற வரைக்கும் தாங்காது. வா, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"அங்க நாலு பேர் முன்னாடி மறுபடியும் அவுத்துட்டுப் படுக்க என்னால முடியாதுங்க." போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டாள்.

"அப்ப நான் மாத்துறேன்."

"நீங்களா?" என்றாள். சிரிப்பு வந்து, தையல் இழுத்து, முகம் சுருங்கிவிட்டது.

ஆபரேஷனுக்குத் தயாராகிற டாக்டர் மாதிரி வெகுநேரம் கையைக் கழுவினார். கையுறை போட்டுக்கொண்டு கட்டிலோரத்தில் உட்கார்ந்தார். அவள் ஜன்னல் திரையை மூடச் சொன்னாள், மூடினார். விளக்கையும் அணைக்கச் சொன்னாள். "வேணாம், இருக்கட்டும்" என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினாள். கடைசிப் பொத்தான் கழன்றதுமே அவர் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. கையை மட்டும் நீட்டித் துழாவினார். பிளாஸ்திரியின் நுனி அகப்பட்டது, இழுத்தார்.

"ஆ!"

"ஐயோ, வலிக்குதா?" முகம் அப்போதும் அந்தப் பக்கம்தான்.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "கல்யாணமான நாளா நீங்க இப்படித்தான் மூஞ்சியத் திருப்பிக்கிறீங்க. என் உடம்புலதான் ஏதோ அசிங்கம் இருக்கு போலன்னு நானும் நெனச்சுக்கிட்டே இருந்துட்டேன்."

அவர் அப்படியில்லை என்று சொல்ல வாயெடுத்தார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

"இப்ப நெசமாவே பாக்க சகிக்காதுங்க" என்றாள். "ஆனாலும் பாத்துப் பிரிங்க. பாக்காம பிரிச்சா வலிக்குது."