கரிச்சானும் புளியாரையும்

புளியாரை ஈர மண்ணில் தானாக முளைக்கிற சின்னச் செடி. காம்புக்கு மூன்று இலை, மஞ்சள் பூ, வாயில் போட்டால் புளிக்கும். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று காலையில் அதை மடி நிறையப் பறித்துத் துவையல் அரைத்து வைத்திருந்தேன்.

எங்கள் ஊர் கிள்ளைப் பக்கம். வந்தவர்கள் சிதம்பரத்துக்காரர்கள். கூடவே அவர்களுடைய மூத்த மருமகளும் வந்திருந்தாள். அவள் பாடினால் தெருவே நின்று கேட்குமாம். அந்த ருசியில், சின்ன மருமகளும் பாடத் தெரிந்தவளாக வேண்டும் என்று என் மாமியாருக்கு ஆசை. ஒரு பாட்டுப் பாடும்மா என்று கேட்டார்.

எனக்குப் பாட வரும். நடவு வயலில் பாடியிருக்கிறேன். ஆனால் மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பதுபோல் என் குரலைப் பார்க்கிறார்களே என்று ரோஷம் வந்துவிட்டது. "பாட்டு வராதுங்க. தொவையல் நல்லா அரைப்பேன்" என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். அதற்கு முன்பே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் அப்பா உடைந்துபோவார்.

மாமியார் கிளம்பப் பார்த்தார். மூத்தவள்தான் தட்டிலிருந்த துவையலை வழித்து நாக்கில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "வூட்டுல பாடறதுக்கு நான் ஒருத்தி போதும் அத்த. ரெண்டு பேரும் பாடிக்கினு ஒக்காந்தா ஒல வைக்கறது யாரு?"

மாமனார் சிரித்துவிட்டார். அன்றைக்கே தட்டு மாற்றினார்கள்.

அதன்பிறகு மாமியார் எங்களை ஒப்பிடாத நாளில்லை. அக்கா, அதுதான் அந்த மூத்தவள், கரிச்சான் குருவியாம், காட்டு மரத்து உச்சியில் வாலைத் தூக்கிக்கொண்டு பாடுவது. நான் புளியாரையாம், வெயில் ஏறினால் இலையை மூடிக்கொள்வது. கரிச்சானை அண்ணாந்து பார்க்க வேண்டும், புளியாரைக்குக் குனிய வேண்டும். குனிகிறவர்கள் எனக்குக் கும்பிடு போடுகிற மாதிரிதான் தோன்றும், அதனால் வருத்தப்படவில்லை. இந்த வீட்டில் எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தவள் அக்கா. பாட்டை அவளுக்கே விட்டுவிட்டேன். என் பிள்ளைகளைக்கூடத் தட்டித்தான் தூங்கவைத்தேன்.

போன மாதம் கடலூரில் அவள் மகன் வீட்டில் இரண்டு பேரும் மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். பேச்சுவாக்கில் அக்கா சொன்னாள்: "அன்னிக்கு ஒன்னக் காப்பாத்தணும்னு ஒண்ணும் பேசலடி. நீயும் பாடறவளா வந்துட்டா எம் பாட்ட யாரு கேப்பாங்கன்னு பயம்."

எனக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பிறகு முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு நடவுப் பாட்டை எடுத்தேன். குரல் கரகரத்தது, ஆனால் பிடி தப்பவில்லை. அக்கா கையில் மொச்சையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அடிப்பாவி" என்றாள். "நல்லவேள, அன்னிக்கு நீ பாடல."

சொல்லிவிட்டு, அடுத்த அடியை என்னோடு சேர்ந்து பாடினாள்.