இரும்பாலை வீதியில் அம்மா: மொஸ் நகருக்கு ஒரு சனிக்கிழமை

முதலில் மன்னித்துவிடுங்கள். இந்தத் தளத்தில் மற்றவர்கள் வடக்கு மலைகளைப் பற்றி எழுதுகிறார்கள். நான் ஒஸ்லோவிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத ஊரைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். மற்றவர்களின் பதிவுகளுக்குக் கீழே கருத்து எழுதவே கூச்சப்படுகிற ஆள் நான். ஆனால் போன காரணம் சின்னதல்ல.

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் முடித்த முதல் ஆள் நான். படித்தது பழைய கட்டடங்களைப் பேணும் துறை. மொஸ் நகரில் அதற்கேற்ற வேலை கிடைத்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். காலை ஏழு மணிக்கு வேலை என்பதால் ஒஸ்லோவில் நாங்கள் இருக்கும் ரொம்மனிலிருந்து போய்வருவது கடினம். அங்கேயே தங்க வேண்டும். அதற்குத்தான் அம்மா ஓம் சொல்லவில்லை. "நீ மணக்குதெண்டு ஆக்கள் ஏசுவினமெண்டு பயந்து சமைக்காம, பாண் திண்டே காலத்தை ஓட்டுவாய்" என்றார். அவர் சம்மதிக்காமல் போக எனக்கு மனமில்லை. ஆகவே சனிக்கிழமை அவரையே கூட்டிக்கொண்டு போனேன்.

ஒஸ்லோ மத்திய நிலையத்திலிருந்து தெற்கே சுமார் அறுபது கிலோமீற்றர். ரயிலில் முக்கால் மணி நேரம். தொடக்கத்தில் நீண்ட சுரங்கம், படம் எடுக்க ஒன்றுமில்லை. கதைக்கத்தான் நேரம்.

"படிச்சுப் படிச்சு, கடைசியில மற்றவையின்ர வீட்டுச் சுவர் பாக்கிற வேலையோ?"

"ஓம்."

"கூரையும் பாப்பியோ?"

"அதுவும்தான் அம்மா."

நிலையத்திலிருந்து வடக்கே இருபது நிமிடம் நடந்தால் அருவி வரும். இந்த ஊரின் தொழில் எல்லாம் அந்தத் தண்ணீரின் விசையில் நடந்தது. மரம் அறுத்தார்கள், மா அரைத்தார்கள், பிறகு இரும்பை உருக்கிப் பீரங்கி வார்த்தார்கள். காகிதம் அதற்குப் பின். செங்கல்லால் கட்டிய அந்த ஆலைகள் சிலவற்றில் இப்போது கோப்பிக்கடை. இரண்டு கோப்பியும் ஒரு கறுவாப் பணிசும் 139 குறோணர். அம்மா பணிசைப் பிய்த்துப் பார்த்துவிட்டு, கறுவா காணாது என்றார்.

அருவியைத் தாண்டினால், முன்பு ஒஸ்லோவிலிருந்து தெற்கே சுவீடன் எல்லைவரை போன பழைய அரச வீதி; இன்று இரும்பாலை வீதி. 1814இல் சுவீடனோடு போரை நிறுத்த உடன்படிக்கை செய்த பெரிய வீடு அதன் ஓரத்தில்தான் இருக்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது இரும்பாலைத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய மரவீட்டு வரிசை. தாழ்ந்த, நீளமான வீடுகள். படி இறங்கினால் நேரே நடைபாதை. ஒரு சுவர் மூலையில் மரங்களைப் பொருத்தியிருந்த விதத்தைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். அம்மாவைக் காணவில்லை. திறந்திருந்த ஒரு வாசலில் அவருடைய சப்பாத்து மட்டும் ஒழுங்காக நின்றது.

எட்டிப் பார்த்தேன். சமையலறையில், கைகளைப் பின்னால் கட்டியபடி அடுப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"நல்லா வைச்சிருக்கினம் பிள்ளை. கேத்தில்கூடச் சுடச்சுடக் கிடக்கு."

"அம்மா, உது மியூசியம் இல்லை! ஆக்கள் இருக்கிற வீடு!"

அதற்குள் பின்தோட்டத்திலிருந்து வீட்டுக்காரி வந்துவிட்டார். துரீட் என்று பெயர், அம்மாவின் வயதிருக்கும். எனக்கு நிலம் பிளந்தால் போதும் என்றிருந்தது. அவரோ சிரித்தார். "எத்தனையோ பேர் உள்ளே வந்திருக்கிறார்கள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்தவர் நீங்கள்தான்."

அம்மாவின் வெட்கம் அரை நிமிடம் நீடித்தது. பிறகு நோர்வேஜிய மொழியில் கேட்டார்: "சமைக்கும் புகை எங்கே போகும்?"

பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் புகைக்குழாய்க்கு வெளிச்சுவரில் துளை போட விடமாட்டார்களாம். "யன்னலைத் திறப்பேன். நான் மீன் பொரித்தால் வீதி முழுக்கத் தெரியும்."

அம்மா என் பக்கம் திரும்பினார். நாங்கள் முதலில் இருந்த மாடிக் குடியிருப்பில், மணத்தைப் பற்றி அயலவர்களிடமிருந்து முறைப்பாடு வந்த பிறகு, கதவிடுக்கில் துவாயைச் செருகிவிட்டுத்தான் அவர் கறித்தூளுக்கு மிளகாய் வறுப்பார்.

"இப்ப நீ கேள், பாப்பம்."

கூச்சத்தை விட்டுக் கேட்டேன். "நான் இந்த வரிசையில் குடிவந்தால் மாதம் ஒருமுறை மிளகாய் வறுப்பேன். நீங்கள் இருமுவீர்கள். நிறுத்தச் சொன்னால் நிறுத்தமாட்டேன். பரவாயில்லையா?"

துரீட் யோசித்தார். "முந்தின நாளே சொல்லிவிடு. வறுக்கும் அன்றைக்கு உடுப்புக் காயப்போடமாட்டேன்."

திரும்பும் ரயிலில் சுரங்கம் தொடங்கும் முன் அம்மா சொன்னார்: "திங்கக்கிழமை வரைக்கும் ஏன் வைச்சிருக்கிறாய்? சம்மதமெண்டு இப்பவே பதில் அனுப்பு." அனுப்பிவிட்டேன்.

போகிறவர்களுக்கு: அரை நாள் போதும். வீதியில் நடக்கக் கட்டணமில்லை. மழைச்சட்டை கொண்டுபோங்கள், அருவிப் பக்கம் சாரல் தெறிக்கும், வழுக்கும். மரவீடுகளில் குடும்பங்கள் வாழ்கின்றன. கதவு திறந்திருந்தாலும் வெளியிலிருந்து பாருங்கள். பெரிய கோட்டை, அரண்மனை எதிர்பார்த்துப் போனால் ஏமாறுவீர்கள். மனிதர்கள் வேலை செய்த இடங்களைப் பார்க்க விருப்பமென்றால் ஏமாறமாட்டீர்கள்.

இதை எழுதியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கேட்கத் தயங்கிக் கடைசிவரை தள்ளிவிட்டேன். துரீட்டின் வீட்டில் இடமில்லை. ஓகஸ்ட் மாதத்திலிருந்து மொஸ் நகரில் எனக்கு ஓர் அறை வேண்டும். சமையலறை யன்னல் நன்றாகத் திறக்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது அங்கே இருந்தால், தயவுசெய்து எனக்காகக் கேட்டுப் பார்ப்பீர்களா?