இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

தனகோட்டி அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி பௌர்ணமியன்று மதியம் வந்தது. அவர் மனைவி மல்லிகா அண்ணிதான் போன் செய்தார். "உங்க அண்ணன் போயிட்டாருங்க. ஆஸ்பத்திரிலேர்ந்து வண்டி வர்றதுக்கு வழியில்ல, ரோடு பூரா கிரிவலக் கூட்டம்" என்றார். அழவில்லை. வழியில்லை என்பதைத்தான் இரண்டு தரம் சொன்னார். அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கப் பொழுது சாய்ந்துவிட்டது.

வேங்கிக்கால் பட்டறையில் வண்டி கட்டிக்கொண்ட உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் இன்ஜின்களை எங்கிருந்தாவது தேடிப் பிடித்துவருவார். அதற்கேற்ற சேஸிஸ், டேங்க் எல்லாம் தன் கையாலேயே செய்து ஒரு முழு வண்டியாக்குவார். "வண்டிக்கு இன்ஜின் தேடுறவன் மெக்கானிக். நான் இன்ஜினுக்கு வண்டி தேடுறவன்" என்பார். நான் அவருக்கு சீட் தைத்துக் கொடுத்தவன்.

அந்த வண்டிகளில் ஒன்றைக்கூட நான் ஓட்டியதில்லை. சின்ன வயதுக் காய்ச்சலில் என் இடது பாதம் விளங்காமல் போய்விட்டது. நிற்கும், நடக்கும், பெடலை மிதிக்காது. இப்போதைய வண்டிகளுக்குக் கியர் இடது பக்கம். அண்ணனுடைய பிரிட்டிஷ் இன்ஜின்களுக்குக் கியர் வலது பக்கம்தான், ஆனால் பின் பிரேக் இடது பக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும். எப்படிப் பார்த்தாலும் எனக்கு இடமில்லை. பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் போய்வந்துகொண்டிருந்தேன். தைத்து முடித்த சீட்டில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்குவேன். அண்ணன் அதைப் பார்த்தும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். என்ன மனுஷன் இவர் என்று பற்றிக்கொண்டு வரும்.

வலது கியர் அவர் ரத்தத்தில் ஊறியது. ஒருநாள் யாருடைய புது வண்டியையோ வாங்கிக்கொண்டு செங்கம் ரோட்டில் போனவர், பிரேக் என்று நினைத்து இடது காலை அழுத்திக் கியரை மாற்றி, நேரே ஓர் இளநீர் வண்டியில் போய் இடித்தார். உருண்டோடிய இளநீர்களுக்கு நடுவே நின்றுகொண்டு, "நான் சரியாத்தான் மிதிச்சேன். வண்டியத்தான் தப்பா கட்டியிருக்கான்" என்றார். இளநீர்க்காரரே சிரித்துவிட்டார்.

அவரிடம் இருந்தவற்றில் மிக அரிய இன்ஜின், ஜோலார்பேட்டை ரயில்வே குடியிருப்பில் ஒரு வீட்டுக் கொட்டகையில் கிடைத்த ஒற்றை சிலிண்டர். ஆசிரமம் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் வந்து வந்து கேட்டார். "அதுக்கு ஆள் சொல்லியாச்சு" என்று அனுப்பிவிட்டார். யார் அந்த ஆள் என்று நான் கேட்டால் ஸ்பேனரை எடுத்துத் தரச் சொல்வார். வண்டி ஓரளவு உருவானதும் சீட் தைக்கச் சொன்னார். அளவு கேட்டேன்.

"ஆளு உன் உசரம்தான்னு வெச்சுக்கயேன்."

"இடுப்பு?"

"அதுவும் உன்ன மாதிரிதான், ஜாஸ்தி."

எந்தப் பணக்காரனுக்குப் போகிறதோ என்று முணுமுணுத்துக்கொண்டே தைத்தேன். மாட்டப் போனபோதுதான் கவனித்தேன். இடது பக்கம் பெடலே இல்லை, கால் வைக்க வெறும் ஃபுட்ரெஸ்ட். பின் பிரேக்கைக் கேபிள் வழியாக மேலே கொண்டுவந்து, இடது கைப்பிடியில் கிளச்சுக்குக் கீழே இன்னொரு லிவர் வைத்திருந்தார்.

"இன்னாண்ணா இது?"

"ஏன், கண்ணு தெரியலையா? ஏறு."

"எனக்கா?"

"இல்ல, எதிர்வீட்டுக்காரனுக்கு. ஏறுய்யா!"

நான் ஏறவில்லை. பட்டறைக்குப் பின்னால் போய் அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு வந்துதான் ஏறினேன். அவர் அதற்குள் டீ சொல்லிவிட்டிருந்தார்.

அடி அண்ணாமலைப் பக்கம் கூட்டமில்லாத நேரத்தில் ஓட்டிப் பழகினேன். யார் பின்னாலும் உட்காராத மனிதர் என் பின்னால் உட்கார்ந்து வந்தார். பிறகு அவருக்கு நெஞ்சுவலி வந்தது. டாக்டர் வண்டியைத் தொடக்கூடாது என்றுவிட்டார். செக்கப்புக்கும் டீக்கடைக்கும் நான்தான் கூட்டிப்போனேன். இன்ஜின் சத்தம் கனத்தும் நான் கியர் மாற்றவில்லை என்றால், என் வலது தொடையில் பட்டென்று ஒரு தட்டு விழும். "காது கேக்குதில்ல? மாத்து!"

"கேக்குது, சும்மா வாங்கண்ணா" என்று எரிந்துவிழுவேன். அடுத்த மேட்டில் மறுபடி தட்டுவார்.

அவர் எனக்கு விட்டுப்போனது வண்டி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். வண்டி கிடக்கட்டும். எனக்கு ஒரு காது வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சத்தம் கனத்தால் வலது கால் தானாகவே போய்விடுகிறது.

காரியம் முடிந்த மறுநாள், அவரை வைத்து ஓட்டிப் பழகிய அதே வழியில் தனியாகப் போனேன். ஒரு கியர்கூடத் தப்பவில்லை. ஒரு மேட்டில் மட்டும் வேண்டுமென்றே மாற்றாமல் ஏறினேன். இன்ஜின் முக்கியது, முனகியது. தொடையில் தட்டு விழவில்லை. கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே மாற்றினேன்.